நாலு மணிப் பிள்ளைகள்

விடியற்காலை 4 மணிக்கு, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இருக்கும் செடெனாக் முழுதாகத் தூங்குவதில்லை. சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜொகூர் பாரு பக்கம் கிளம்புகிற நேரம் அது. தொழில்நுட்பப் பூங்காவில் இருக்கும் தரவு மையங்களுக்கு இரவு என்றே ஒன்று கிடையாது. இவை போக, நிறைமாதப் பெண் இருக்கிற வீட்டிலும் அந்நேரத்தில் விளக்கு எரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

"பகலெல்லாம் சும்மா இருந்துட்டு, ராத்திரி எல்லாரும் படுத்த பிறகுதான் வலி எடுக்குது" என்பது தோட்டத்து லயங்களில் பழைய பேச்சு. தார்ச்சாலை வராத காலத்தில், டார்ச் விளக்கோடு மருத்துவச்சி வீட்டுக்கோ தோட்டத்து ஆஸ்பத்திரிக்கோ ஓடியவர்கள் சொன்னது. இது உண்மையா? நள்ளிரவில் பட்ட பாடு மனசில் நிற்கும், பகலில் சுலபமாக முடிந்தது மறந்துபோகும். அதனால் வந்த நினைப்பாகவும் இருக்கலாம் அல்லவா? எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பெல்ஜியத்துப் புள்ளியியல் அறிஞர் அடோல்ப் கெட்லே 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பிரசல்ஸ் நகரத்துப் பிறப்புகளை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்து, பகலைவிட இரவில்தான் அதிகம் என்று கண்டார். அப்போது ஊசி மருந்தால் வலியை வரவைக்கும் வழக்கம் கிடையாது. தேதி குறித்துச் செய்கிற அறுவையும் கிடையாது. உடம்பு தன் போக்கில் நடந்த காலம்.

நம் காலத்துக் கணக்குகளில் பெரியது இங்கிலாந்தில் எடுக்கப்பட்டது. 2005 முதல் 2014 வரை அங்குள்ள அரசு மருத்துவமனைகளில் நடந்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். வலியும் தானாக வந்து, பிள்ளையும் தானாகப் பிறந்தவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது படம் தெளிவாக இருந்தது. நள்ளிரவு 1 மணியிலிருந்து காலை 7 மணிக்குள் பிறப்புகள் கூடுதல். உச்சி, 4 மணியை ஒட்டி. பிற்பகலில் குறைவு. தமிழில் சிறுபொழுதுகளை ஆறாகப் பிரித்தவர்கள் பின்னிரவு 2 மணியிலிருந்து 6 மணிவரை உள்ள நேரத்துக்கு வைகறை என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் அதிகம் பிறக்கிற நேரத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது.

இதே ஆய்விலிருந்து ஒரு எண் செய்தித்தாள்களில் நிறையச் சுற்றியது: 71.5 விழுக்காட்டுப் பிறப்புகள் அலுவலக நேரத்துக்கு வெளியே நடக்கின்றனவாம். கேட்டதும் "பார்த்தீர்களா, எல்லாம் இரவில்தான்" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 முதல் மாலை 5 வரை என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒரு வாரத்தில் இருப்பதோ 168 மணி. அதாவது அலுவலக நேரம் என்பதே வாரத்தில் 24 விழுக்காடுதான். அந்த 24 விழுக்காட்டு நேரத்துக்குள் 28.5 விழுக்காட்டுப் பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். அப்படியானால் அலுவலக நேரத்தில்தான், மணிக்கு இத்தனை என்று பார்த்தால், பிறப்பு கூடுதல்! காரணம் இயற்கை இல்லை. முன்கூட்டியே தேதி குறித்த சிசேரியன்களை வார நாட்களில் காலை 9 மணியிலிருந்து நண்பகலுக்குள் செய்துவிடுகிறார்கள். மருந்து கொடுத்து வலியை வரவைத்த பிரசவங்கள் வேறொரு நேரத்தில் குவிகின்றன: நள்ளிரவை ஒட்டி. காலையில் மருந்து வைத்தால், கருப்பை வாய் இளகி, வலி பிடித்து, பிள்ளை வெளியே வர அவ்வளவு நேரம் ஆகிறது.

ஆக ஒரே பிரசவ அறையில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று உடம்புடையது, வைகறையை விரும்புவது. மற்றது மருத்துவமனையின் கால அட்டவணை. அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டுப் பிறப்புச் சான்றிதழ்களைப் பார்த்தபோதும் இதே பிளவு தெரிந்தது. மருத்துவமனைப் பிறப்புகள் காலை 8 மணியளவிலும் நண்பகலிலும் உச்சம். மருத்துவமனைக்கு வெளியே பிறந்தவை விடியற்காலை 1 முதல் 5 மணிக்குள்.

உடம்புக்கு ஏன் இந்த வைகறை ஆசை? நம் மூளையில் கண் நரம்புகள் இரண்டும் குறுக்கே சந்திக்கிற இடத்துக்குச் சற்று மேலே ஒரு சின்ன நரம்புத் திரள் இருக்கிறது. கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்சத்தை வைத்து நாள் முழுதுக்கும் தாளம் போடுவது அதன் வேலை. இருட்டியதும் அதன் கட்டளைப்படி பினியல் சுரப்பி மெலடோனின் என்ற இயக்குநீரைச் சுரக்கத் தொடங்கும். அது ஏறி ஏறி, பின்னிரவில் உச்சத்துக்குப் போய், விடிய விடிய இறங்கும். பொதுவாக இதைத் தூக்கத்துக்கான சுரப்பு என்றுதான் சொல்கிறோம். ஆனால் கருப்பைத் தசையிலும் மெலடோனினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்சீஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மனிதக் கருப்பைத் தசைச் செல்களில் மெலடோனினும் ஆக்சிடோசினும் சேர்ந்து வேலை செய்யும்போது சுருக்கம் வலுப்பதைக் காட்டினார்கள். ஆக்சிடோசின் தெரியாத தாய் இருக்க மாட்டார். வலியைத் தூண்ட டிரிப்பில் ஏற்றுகிறார்களே, அதுதான். உடம்பு தானே சுரக்கும் ஆக்சிடோசினுக்கு இரவில் ஒரு துணை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பயமும் பதற்றமும் இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும். பதறும்போது சுரக்கும் அட்ரினலின் வகைச் சுரப்புகள் கருப்பைத் தசையைத் தளர்த்தக்கூடியவை. வீட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த வலி, வார்டில் கண் கூசும் விளக்குக்கு அடியில், முகம் தெரியாதவர்கள் நடுவில் படுத்ததும் அடங்கிப் போவது உண்டு. "சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடிச்சா போயிடும்" என்று பாட்டிமார் சொல்லும் பொய் வலியும் இரவில்தான் அதிகம் ஏமாற்றும். இரவில் கருப்பை சும்மாவே சற்றுத் துடிப்பாக இருக்கும். சீரகத் தண்ணீரால் கெடுதல் இல்லை. ஆனால் பொய் வலியா, மெய் வலியா என்று சொல்ல வேண்டியது சீரகம் இல்லை. நேரம் போகப் போக வலி நெருங்கி வருகிறதா, நீள்கிறதா, வலுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மற்ற உயிர்களைப் பார்த்தால் இதன் பழைய வேர் தெரியும். பகலில் உலவும் குரங்குகள் பெரும்பாலும் இரவில் ஈனும். இரவில் உலவும் எலி பகலில் குட்டி போடும். இரை தேடும் நேரத்தில் இல்லாமல், கூட்டம் ஒடுங்கிக் கிடக்கிற நேரத்தில் ஈன்றால் தாய்க்கும் குட்டிக்கும் பாதுகாப்பு என்பது பொருத்தமான விளக்கமாகத்தான் தோன்றுகிறது. லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை வைத்திருந்தவர்களுக்கு ஒரு செய்தி: கனடாவின் மானிடோபா மாநிலத்து விவசாயி கஸ் கோனபால் 1970களில், சினை மாடுகளுக்குத் தீனியை இரவு நேரத்தில் போட்டால் பகலில் கன்று போடுவது கூடுகிறது என்று கவனித்தார். அவர் பெயரிலேயே அந்த முறை இன்றும் வழங்குகிறது. கடிகாரத்தை வெளிச்சம் மட்டும் திருகுவதில்லை, தீனியும் திருகுகிறது. (மனிதர்களுக்கு இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால் பலிக்குமா என்று கேட்காதீர்கள். நிறைமாதப் பெண்ணைப் பட்டினி போட நான் சொல்ல மாட்டேன்.)

பால்மரம் வெட்டியவர்களுக்கு இந்தத் தாளம் இன்னொரு விதத்தில் பழக்கம். விடியுமுன்னே பிரட்டுக் கூப்பிட்டு, இருட்டோடு இருட்டாகத் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு வெட்டப் போனது துரையின் கொடுமையால் மட்டும் அல்ல. வெயில் ஏறினால் இலை வழியாக மரம் தண்ணீரை இழக்கும். பட்டைக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தளரும். அந்த மரத்துக்கும் வைகறைதான் நேரம். வெட்டப் போன பெண்களில் நிறைமாதக்காரிகளும் இருந்தார்கள் என்பது தோட்டத்து வரலாற்றின் இன்னொரு பக்கம்.

"அமாவாசை, பௌர்ணமியில் வலி வரும்" என்ற நம்பிக்கையையும் எண்ணிப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1997 முதல் 2001 வரை, 62 நிலாச் சுற்றுகளில் நடந்த 5,64,039 பிறப்புகள். நிலாவுக்கும் பிறப்புக்கும் ஒரு தொடர்பும் தெரியவில்லை. மணிக்கணக்கு உண்மை, நிலாக் கணக்கு நம் கற்பனை.

இனி, இதைப் படிக்கும் நிறைமாதப் பெண் கேட்கக்கூடிய கேள்வி: "அப்போ எனக்கும் 4 மணிக்குத்தான் பிறக்குமா?" அப்படிச் சொல்ல முடியாது. லட்சக்கணக்கான பிறப்புகளைக் குவித்துப் பார்த்தால் தெரிகிற மேடு அது. ஒரு தனிப் பெண்ணுக்கு 24 மணி நேரமும் திறந்துதான் இருக்கிறது. அதிலும் தலைச்சன் பிள்ளை என்றால் வலி எடுத்துப் பன்னிரண்டு மணி நேரம், அதற்கு மேலும்கூட ஆகலாம். நள்ளிரவில் வலி தொடங்கினாலும் பிள்ளை வருவதற்குள் பகல் உச்சிக்கு ஏறிவிடும். இரண்டாவது, மூன்றாவது பிரசவங்கள் வேகமாக முடியும். இரவில் தொடங்கி விடியுமுன் முடிகிற கதைகளை அங்கேதான் அதிகம் கேட்கலாம்.

இரவுப் பிரசவம் ஆபத்தா என்பது அடுத்த கேள்வி. ஸ்காட்லாந்தில் 1985 முதல் 2004 வரை 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. வேலை நாள், வேலை நேரத்தில் பிறந்த குழந்தைகளில் 10,000க்கு 4.2 இறப்பு, மற்ற நேரங்களில் 5.6. கூடுதல் இறப்புகளுக்குப் பெரும்பாலும் பிரசவத்தின்போது குழந்தைக்கு ஆக்சிஜன் போதாமல் போனதே காரணம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் எண் மிகச் சிறியது. இருட்டு கொல்வதில்லை. இரவிலும் வார இறுதியிலும் கையில் எத்தனை பேர், எவ்வளவு அனுபவசாலிகள் இருக்கிறார்கள் என்பதில்தான் விஷயம்.

மலேசியாவில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டம் வந்த பிறகு, பழைய கைவைத்தியம் மெல்ல மெல்லப் பயிற்சி பெற்ற மிஸ்ஸிகள் கைக்கு மாறியது. 1980களின் கடைசியில் நிறக் குறியீடு வந்தது. கிளினிக் கெசிஹாத்தானில் கொடுக்கும் தாய்சேய் புத்தகத்தில் ஒட்டுகிறார்களே, வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று, அதுதான். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. மஞ்சள் என்றால் நிபுணரிடம் காட்ட வேண்டும். பச்சைக்குக் கிளினிக் டாக்டர், வெள்ளைக்கு மிஸ்ஸி போதும். இரத்த அழுத்தம், சர்க்கரை, முந்தைய சிசேரியன் என்று ஏதாவது இருந்தால் "வலி வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று வீட்டில் காத்திருக்க வேண்டியதில்லை. எப்போது வந்து சேர வேண்டும் என்பதை மிஸ்ஸியிடம் முன்னாலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செடெனாக்குக்காரர்களுக்குத் தெற்கே கூலாய் மருத்துவமனை. அதற்கும் அப்பால் ஜொகூர் பாருவின் பெரிய மருத்துவமனைகள். நெடுஞ்சாலை ஏறினால் இரவில் சீக்கிரம் போய்விடலாம். சிக்கல் சாலையில் இல்லை, வண்டியில். புருஷன் 4 மணிக்கு மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்துக்குப் போகிற குடும்பம் என்றால், பிறப்பு அதிகம் நடக்கிற அதே நேரத்தில் வீட்டில் வண்டியும் இல்லை, ஓட்ட ஆளும் இல்லை. கடைசி மாதத்திலாவது பக்கத்து வீட்டில் யாரிடம் கார் இருக்கிறது, யார் கைப்பேசியை அணைக்காமல் தூங்குவார் என்று பேசி வைப்பது நல்லது. பனிக்குடம் உடைந்தால், இரத்தம் பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது, 999ஐக் கூப்பிடலாம். வலி மட்டும் என்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சீராக எடுக்கத் தொடங்கியதும் கிளம்பலாம். முன்பே பெற்றவர்கள் இன்னும் முன்னதாக.

நம்மவர்களுக்கு நேரம் என்றால் ஜாதகமும்தான். பிறந்த நேரத்தின் மேல் தமிழர்களுக்கு இருக்கிற ஆசைக்குக் கோச்செங்கட் சோழன் கதையே சாட்சி. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் பிள்ளை மூவுலகும் ஆள்வான் என்று சோதிடர்கள் சொல்ல, தாய் கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் சொன்னாளாம். பிள்ளை செங்கண்ணோடு பிறந்தான், தாய் பிழைக்கவில்லை. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நாம், இப்போது தலைகீழாகத் தொங்காமல் நல்ல நேரம் பார்த்து சிசேரியனுக்கு மணி குறிக்கிறோம். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8. அத்தனையும் முகூர்த்தத்தால் அல்ல. வேறு காரணங்கள் பல. ஆனால் வேறு அவசரம் எதுவும் இல்லாத சிசேரியனை 39 வாரம் நிறையுமுன் வைக்க வேண்டாம் என்று மருத்துவம் சொல்வது குழந்தையின் நுரையீரலுக்காக. பஞ்சாங்கத்தில் நல்ல நாள் 37ஆம் வாரத்தில் வந்தால் பஞ்சாங்கம்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

வைகறைப் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு. அரசாங்கக் கணக்கில் நாள் நள்ளிரவில் மாறும். அடையாள அட்டையின் முதல் ஆறு எண்கள் அந்தக் கணக்குத்தான். தமிழ்க் கணக்கில் நாள் சூரியன் உதித்தால்தான் பிறக்கும். மலாய் அண்டை வீட்டாருக்கோ அந்திப் பொழுதிலேயே மறுநாள் தொடங்கிவிடுகிறது. எனவே வெள்ளிக்கிழமை விடியற்காலை 4 மணிக்குப் பிறந்த பிள்ளை அரசாங்கத்துக்கும் அண்டை வீட்டுக்கும் வெள்ளிக்கிழமைப் பிள்ளை, தாத்தாவுக்கு வியாழக்கிழமைப் பிள்ளை. அதிகம் பேர் பிறக்கிற நேரமே இரண்டு கிழமைக்கும் நடுவில் விழுவதால், இந்த வாக்குவாதம் நிறைய வீடுகளில் நடக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் சுவர்க் கடிகாரம். செடெனாக் இருக்கிற தீர்க்கரேகைக்குச் சூரிய நேரம், நம் கடிகாரத்தைவிட ஏறத்தாழ 66 நிமிடம் பின்தங்கி இருக்கிறது. அதனால்தான் இங்கே 7 மணியை ஒட்டி விடிகிறது. உண்மையான நடு இரவு 1 மணிக்கு மேல் வருகிறது. கடிகாரத்தில் 4 என்றால் சூரியக் கணக்கில் இன்னும் 3கூட ஆகவில்லை. இங்கிலாந்தின் 4 மணி மேடு செடெனாக்கில் 5 மணிப் பக்கம் நகர்ந்திருக்குமா என்பது ருசியான கேள்வி. ஒருவர் எப்போது படுக்கிறார், எவ்வளவு வெளிச்சத்தில் விழித்திருக்கிறார் என்பதும் அதில் சேரும்.

இந்தக் கடிகாரம் ஒரே இடத்தில் நின்றதும் இல்லை. மலாயாவில் 1933இல் கிரீன்விச்சுக்கு 7 மணி 20 நிமிடம் முன்னே; 1941இல் ஏழரை மணி; ஜப்பானியர் காலத்தில் தோக்கியோ நேரம், அதாவது 9 மணி; 1945இல் மறுபடி ஏழரை. 1982 ஜனவரி 1 முதல்தான் இப்போதைய 8 மணி. 1945க்குப் பிறகு 1981 வரை பிறந்த ஒருவருடைய ஜாதகத்தை இன்றைய செயலியில் 8 மணி என்று போட்டுக் கணித்தால் அரை மணி நேரம் தவறும். ஒரு லக்னம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடும் என்பதால், நாலில் ஒருவருக்கு லக்னமே மாறிப்போகும். நட்சத்திரம் ஏறத்தாழ ஒரு நாள் நீடிக்கும், எனவே பெரும்பாலோர்க்கு அது மாறாது. சோதிடத்தை நம்புகிறவர்களோ இல்லையோ, அம்மாவோ அப்பாவோ 1982க்கு முன் பிறந்தவர் என்றால் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மாற்றிய அந்த இரவை நினைத்துப் பாருங்கள். 1981 டிசம்பர் 31, இரவு 11:30. தீபகற்பம் முழுதும் கடிகார முள்ளை நேரே 12க்குத் தள்ளினார்கள். செடெனாக்கிலோ கூலாயிலோ எந்த லயத்திலோ வார்டிலோ, அன்று இரவு 11:30க்கும் 12க்கும் நடுவில் பிறந்ததாக ஒரு பிள்ளைக்கும் எழுத முடியாது. அந்த அரை மணி நேரமே இல்லை. அப்போது வலியில் கிடந்தவர்களுக்கு மட்டும் அது குறைந்திருக்காது.